ரயிலேறும் அவல்

மும்பை மின்சார ரயிலில் சாப்பிடுகிற உணவுக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. ஒரு கையால் எடுத்துத் தின்ன முடிய வேண்டும். மற்றொரு கை கைப்பிடிக்கானது. சொட்டக் கூடாது, பக்கத்தில் நிற்பவர் கஞ்சி போட்ட புடவையில் ஆபீஸ் போகிறவர். வாசனை வீசக் கூடாது. சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் பசியோடிருப்பவர்கள். கைப்பையில் நசுங்கினாலும் தின்னத் தகுந்ததாக இருக்க வேண்டும். காலையில் பாதி தின்று மூடி வைத்தால் மாலை வரை கெடக் கூடாது. இட்லி சட்னியால் தோற்கும். தயிர்சாதம் ஸ்பூனால் தோற்கும். வடை எண்ணெயால் தோற்கும். கடைசியில் தேறுபவை சிலவே: அவல், பொரி, வறுத்த மாவு உருண்டை, காய்ந்த ரொட்டி. எல்லாம் தானியம். எல்லாம் ஏற்கெனவே தீயைப் பார்த்துவிட்டு வந்தவை.

இந்த ஊருக்கு ரயிலும் பசியும் ஒன்றாகவே வளர்ந்தன. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியதுதான் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அன்று அது ஒரு வேடிக்கை. இன்று தாணேயைத் தாண்டி கல்யாண், கசாரா, கர்ஜத் என்று வீடுகள் விலகிப் போய்விட்டன. வேலை மட்டும் பழைய இடத்தை விட்டு முழுதாக நகரவில்லை. நான் ஏறுவது டோம்பிவிலியில். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல். வீட்டு வாசலிலிருந்து மேஜை வரை கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரம்.

மதியச் சோற்றைப் பற்றி மும்பை எப்போதோ யோசித்துவிட்டது. 1890-ல் தொடங்கிய டப்பாவாலாக்களின் ஏற்பாடு உலகப் புகழ் பெற்றது. ஆனால் அது மதியத்துக்கானது. காலை ஐந்தரை மணி டீக்கும் ஒரு மணிச் சோற்றுக்கும் நடுவே ஏழெட்டு மணி நேரம் இருக்கிறது. அந்த இடைவெளிக்கு எந்த டப்பாவாலாவும் இல்லை.

அதிலும் பெண்கள் பெட்டியில் அந்த இடைவெளி வேறு மாதிரியானது. நாலரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைக்கு ஒரு டப்பா, கணவருக்கு ஒரு டப்பா, தனக்கு மதியத்துக்கு ஒரு டப்பா என்று மூன்றையும் நிரப்பி மூடிவிட்டு ஓடி வருகிறவர்கள். கையில் உணவு மணக்கும். வயிற்றில் ஒன்றும் இருக்காது. கைப்பைகளில் சீப்புக்கும் பாஸுக்கும் அருகே அமிலத்துக்கான மாத்திரைப் பட்டை ஒன்று அநேகமாக இருக்கும். யாராவது தலைவலி என்றால் நாலு கைப்பைகள் திறக்கும்.

மேற்கு ரயில்வேயில் பெண்களுக்கென்றே ஒரு முழு ரயில் 1992-ல் விடப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் எல்லா ரயில்களிலும் பெண்கள் பெட்டிகள் உண்டு. மாலையில் இங்கே காய் நறுக்குவார்கள், கீரை ஆய்வார்கள் என்பது பலமுறை எழுதப்பட்ட விஷயம். காலையில் நடப்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக ஒருவர் பாதி உடம்பைத் தொற்றவைத்து உட்காருவார். ‘நாலாவது சீட்’ என்று அதற்கு மரியாதையான பெயரே உண்டு. தாணே தாண்டியதும் சிறு டப்பாக்கள் திறக்கும். மராத்திக்காரரின் டப்பாவில் சிவ்டா. முலுண்டில் ஏறும் குஜராத்திப் பெண்ணிடம் காக்ரா அல்லது தேப்லா. பீகாரிலிருந்து வந்த நர்ஸ் ஒருவரிடம் சத்து லட்டு. என்னிடம் கேழ்வரகு உருண்டை. டப்பா திறந்தவர் தனியே தின்பது வழக்கமில்லை. ‘தாயீ, க்யா’ என்று நீட்டுவார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா; தமிழ்க் காதுக்கு அம்மா என்று கேட்கும். பசி வேளையில் இரண்டும் பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. ‘ஸ்நாக்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல்லாகச் சொல் என்றால் திணறுவேன். சிற்றுண்டி என்றால் இலை போட்டுவிடுகிறோம். பலகாரம் என்றால் பண்டிகை வந்துவிடுகிறது. நொறுக்குத் தீனி என்றால் ஒழுக்கக் குறைவு போல் தொனிக்கிறது. மராத்தியர்கள் ‘கோர்டா காவூ’, உலர்ந்த தின்பண்டம் என்று சுலபமாக முடித்துவிடுகிறார்கள். பயணத்தில் தின்பதற்கு மட்டும் நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ஆற்றுணா. ஆறு என்றால் வழி. உணா என்றால் உணவு. கற்றவனுக்கு எல்லா நாடும் தன் நாடே, ஆகவே அவனுக்கு ஆற்றுணா தேவையில்லை என்பது பழமொழி நானூறு சொல்லும் கருத்து. எங்கள் பெட்டியில் முதுகலைப் பட்டதாரிகள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். கல்வி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கூட்டிப்போகட்டும். குர்லாவைத் தாண்டுவதற்குள் பசிக்கத்தான் செய்கிறது.

இந்த உலர் தானியங்களின் பின்னால் உள்ள தொழில்நுட்பம் எளிமையானது, மிகப் பழையது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, சூட்டோடு தட்டையாக்கினால் அவல். பதப்படுத்திய அரிசியைச் சுடு மணலில் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகித் தள்ள, அரிசி பொரியாகிறது. கடலையையோ பார்லியையோ மணலில் வறுத்து அரைத்தால் பீகாரின் சத்து. மூன்றிலும் தானியம் ஏற்கெனவே வெந்துவிட்டது, ஈரமும் போய்விட்டது. வெந்ததால் மறுபடி அடுப்பு வேண்டாம். ஈரம் இல்லாததால் கெடுவதில்லை. நடந்து போகிறவன், படகில் போகிறவன், வயலுக்குப் போகிறவன் எல்லோருக்கும் இது போதுமானதாக இருந்தது. வங்காளத்தில் முரி, அஸ்ஸாமில் ஜல்பான் என்ற காலை உணவில் சேரும் அவலும் பொரியும், குஜராத்தில் அப்பளம்போல் அழுத்திச் சுட்ட கோதுமைக் காக்ரா. நம் பக்கம் பொருள்விளங்கா உருண்டை. அரிசியும் பயறும் வறுத்து அரைத்து, வெல்லப் பாகில் பிடித்தது. கடிக்கத் தான் பல் வேண்டும். பொருள் நன்றாகவே விளங்குகிறது.

தாராளமயத்துக்குப் பிறகு, 1994-ல் கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. தானியம் என்றால் குளிர்ந்த பாலில் மிதப்பது என்று விளம்பரங்கள் கற்றுக்கொடுத்தன. நம்மவர்கள் சூடான பாலை ஊற்றினார்கள், மொறுமொறுப்பு போயிற்று. எப்படியானாலும் கிண்ணமும் பாலும் மேஜையும் கேட்கும் உணவு ரயிலேறாது. பிறகு தானியத்தைக் கட்டியாக்கி, வழவழப்பான தாளில் சுற்றி, கைப்பைக்கு ஏற்ற அளவில் கொண்டு வந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பொட்டலத்தின் விவரங்களை ஒருமுறை மொழிபெயர்த்தேன். சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலில் சர்க்கரை மூன்று வெவ்வேறு பெயர்களில் வந்தது. மூன்றையும் கூட்டினால் எந்த இடத்துக்கு ஏறும் என்று பட்டியல் சொல்லாது. நம் பொருள்விளங்கா உருண்டையிலும் வெல்லம் உண்டுதான். ஆனால் எவ்வளவு போட்டோம் என்பது போட்டவருக்குத் தெரியும்.

ஆகவே வீட்டிலேயே செய்யுங்கள் என்று கட்டுரையை முடித்துவிடலாம். பத்திரிகைகளின் பெண்கள் பகுதி காலங்காலமாக அப்படித்தான் முடிக்கிறது. ஆனால் எங்கள் பெட்டியில் வரும் வங்கி ஊழியர் ஒருவர் அதைக் கேட்டால் சிரிப்பார். “வீட்டில் செய்தது என்றால் நான் செய்தது என்று அர்த்தம்” என்றார் ஒருநாள். மூன்று டப்பா நிரப்புகிறவருக்கு நான்காவது டப்பாவையும் வேலையாகக் கொடுத்துவிட்டு, ஆரோக்கியம் என்று அதற்குப் பெயர் வைப்பது நியாயமில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு மே மாதக் காலையில் குர்லாவுக்கும் தாதருக்கும் இடையே அவருக்குக் கண் இருட்டியது. நாலாவது சீட்டிலிருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். யாரோ தண்ணீர், யாரோ ஒரு பிடி சிவ்டா. தாதர் வந்தபோது தெளிந்துவிட்டார். டாக்டர் சொன்னது புதிதாக ஒன்றுமில்லை: வெறும் வயிற்றோடு ஏழு மணி நேரம் இருக்காதீர்கள். புதிதானது அவர் வீட்டில் சொன்னதுதான். “எனக்கு ஒரு டப்பா வேண்டும். அதை நான் செய்யப் போவதில்லை.” கணவரும் பதினாலு வயது மகனும் முதல் ஞாயிறு அவலைக் கருக்கினார்கள். இரண்டாவது ஞாயிறு உப்பை மறந்தார்கள். அந்த உப்பில்லாத சிவ்டாவை அவர் பெட்டி முழுக்க நீட்டினார். நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

உண்மையில், இந்தப் பண்டங்கள் எந்தக் காலத்திலும் முழுக்க வீட்டில் செய்யப்பட்டவை அல்ல. மணலில் வறுக்கும் பட்பூஞ்சா வட இந்தியத் தெருக்களில் இருந்தார். அவலை ஆலையில் இடித்துத் தந்தார்கள். மாவு அரைக்க மில் இருந்தது, மராத்தியில் கிர்ணி. தானியத்தின் கடினமான பாதி வேலையைத் தெரு செய்தது. தாளிப்பதையும் உருட்டுவதையும்தான் வீடு செய்தது. எல்லாவற்றையும் வீடே செய்ய வேண்டும் என்பதும், எல்லாவற்றையும் கம்பெனியே செய்து தர வேண்டும் என்பதும் பின்னால் வந்த பிடிவாதங்கள். நடுவில் நல்ல வழி ஒன்று எப்போதும் இருந்தது. கடையில் மெல்லிய அவல் கிடைக்கிறது, வறுத்த கடலை கிடைக்கிறது, கேழ்வரகு மாவு கிடைக்கிறது. மீதி வேலைக்கு அரை மணி நேரம் போதும். கைப்பக்குவம் என்ற ரகசியமும் அதில் கிடையாது. பதினாலு வயதுப் பையன் மூன்றாவது வாரத்தில் கற்றுக்கொண்டான்.

சிவ்டாவுக்குக் கால் கிலோ மெல்லிய அவல். அகன்ற வாணலியில் எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் வறுக்க வேண்டும். விரலிடையில் நசுக்கினால் நொறுங்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. தனியே மூன்று ஸ்பூன் எண்ணெயில் ஒரு பிடி வேர்க்கடலை, ஒரு பிடி பொட்டுக்கடலை, கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. மிளகாயும் இலையும் ஈரம் போகும் வரை வறுபட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே அவல் நமத்துவிடும். மஞ்சள் தூள், உப்பு, விரும்பினால் ஒரு சிட்டிகை சர்க்கரை. அவலைப் போட்டுப் புரட்டினால் ஆயிற்று. முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூட வேண்டும். மும்பை மழைக்காலத்தில் இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். அவல் என்னவோ அரிசிதான். கடலைகளைத் தாராளமாகப் போட்டால்தான் பசி தாங்கும்.

கேழ்வரகு உருண்டைக்கு இரண்டு கப் மாவைப் பச்சை வாசனை போகும் வரை வறுத்து, அரை கப் வேர்க்கடலைப் பொடி, ஒரு கப் பொடித்த வெல்லம், உருகிய நெய் விட்டு உருட்டலாம். பாலோ தண்ணீரோ தெளித்தால் உருட்டச் சுலபம். ஆனால் இரண்டு நாளில் கெடும். நெய் மட்டும் என்றால் ஒரு வாரம் நிற்கும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நாற்பதைத் தாண்டி, படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் பெண்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது, யோசனை இந்தியாவுடையது. விருந்துகளில் கேழ்வரகும் கம்பும் பீங்கான் தட்டில் வந்தன. அதை ஐந்து மணி ரயிலுக்கு ஓடுகிறவரின் டப்பாவில் வைப்பது யார் என்பதை ஆண்டு விழாக்கள் தீர்மானிப்பதில்லை.

ஆற்றுணா என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வரும் ஆள் குசேலர்தான். துவாரகை வரை கந்தல் துணியில் அவலோடு போனவர். கண்ணன் அதைப் பிடுங்கித் தின்றதைக் கதாகாலட்சேபங்களில் விஸ்தாரமாகச் சொல்வார்கள். அந்த அவலை அண்டை வீடுகளில் கேட்டு வாங்கிக் கட்டிக் கொடுத்தவர் அவர் மனைவி. அவர் அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆற்றுணா யாருக்குத் தேவையில்லை என்பதைப் பழமொழி நானூறு சொல்லிவிட்டது. அதைக் கட்டிக் கொடுக்க வேண்டியது யார் என்று சொல்லவில்லை. அதை அவரவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு முடிவு செய்துகொள்ளலாம்.