துணி காயாத நாள்

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதிய ஒரு வரியை 2012 அக்டோபரில் சிவப்பு மையால் அடித்தேன். அந்தக் கோடு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நாகைப் பக்கம், கடலோர ஊர் ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஒரு குழுவை அழைத்துப் போகத் துணிந்தேன். 1993-இல் தொடங்கிய மாநாடு அது. பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரில் கண்ட ஒன்றைத் தாங்களே ஆராய்ந்து, தாய்மொழியிலேயே மேடையேறிச் சொல்லலாம். தமிழ்நாட்டில் அதை முன்னெடுத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று படிகள். அந்த ஆண்டின் கருப்பொருள் ஆற்றல்.

ஆய்வுப் பொருளைத் தேடி நாங்கள் அலையவில்லை. மின்வெட்டு தமிழ்நாட்டையே வாட்டிய வருஷம் அது. பகலில் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. வீட்டு ஃப்ரிட்ஜ் வெறும் அலமாரியாக நிற்கும். "எங்க ஆயா பானைத் தண்ணிதான் குடிக்குது டீச்சர், அதுக்குக் கரண்டே வேணாம்" என்றாள் ஒருத்தி. அவளையே தலைவியாக்கி ஐந்து பேர் கொண்ட குழு அமைத்தேன். ஒரு புது மண்பானை, ஒரு எவர்சில்வர் குடம், ஆய்வகத்துத் தெர்மாமீட்டர். பானையை ஒரு தாம்பாளத்தில் வைத்தோம். தினமும் மாலை மூன்று மணிக்குக் காற்று, குடத்துத் தண்ணீர், பானைத் தண்ணீர் என மூன்றையும் அளந்து நோட்டில் எழுத வேண்டும்.

ஆகஸ்டில் எண்கள் அழகாக வந்தன. காற்று 35 டிகிரி, குடம் 34, பானை 28. காரணம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மண்ணின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும். ஆவியாகத் தேவையான வெப்பத்தை உள்ளிருக்கும் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வேண்டும். வெளியிலிருந்து சூடு ஏறாமல் இருந்தால், அரை லிட்டருக்கும் மேலான தண்ணீரை ஒரு டிகிரி இறக்க அந்த ஒரு கிராமே போதும். சார்ட்டில் இதையெல்லாம் நானே எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. நோட்டில் எண்கள் கெட்டன. காற்று 27, குடம் 27, பானை 26½. அதன் பக்கத்தில் தலைவி எழுதியிருந்தாள்: "இன்னைக்குப் பானை ரொம்ப அழுவுது. தாம்பாளம் முழுக்கத் தண்ணி. ஆனா பானைத் தண்ணி ஜில்லுனு இல்ல."

அந்த வரியைத்தான் அடித்தேன். பேச்சுத் தமிழில் இருந்தது ஒரு காரணம். எங்கள் முடிவோடு ஒட்டவில்லை என்பது பெரிய காரணம். வேர்க்கிற பானைதான் குளிரும் என்று சார்ட்டில் எழுதி முடித்தாயிற்று. இங்கோ தாம்பாளம் நிரம்ப வேர்த்தும் குளிரவில்லை. தெர்மாமீட்டரைச் சரியாகப் பிடித்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒன்பது மழை நாட்களின் அளவுகளை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். 'ஆவியாதலின் விளைவாக வெப்பநிலை கணிசமாகக் குறைகிறது' என்று தொடங்கும் மூன்று பக்க உரையை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

மாவட்ட மாநாட்டில் தலைவி ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். நடுவர் வயதானவர், பேச்சில் கனிவு இருந்தது. அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "நல்லா இருக்கும்மா. மழை நாள்ல என்ன ஆச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சார்ட்டைப் பார்த்தேன். அவர் சற்றுப் பொறுத்திருந்துவிட்டு "பரவால்லம்மா, உட்காரு" என்றார்.

திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "உனக்குத்தான் தெரியுமே, சொல்லியிருக்கலாமே" என்றேன், குறையை அவள் தலையில் வைக்கிற குரலில்.

"அது உங்க சார்ட்ல இல்லியே டீச்சர்."

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்: "அந்த ஒம்போது நாளும் எங்க வீட்டுல துணியும் காயல. பானையும் அதே மாதிரிதானே டீச்சர்? தண்ணி வெளிய வருது, ஆனா போவல."

நடுவர் எதிர்பார்த்த பதில் அதுதான். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் கசிந்த நீர் ஆவியாகாது. பானை மேல் வழிந்து தாம்பாளத்தில்தான் தேங்கும். கசிவது வேறு, ஆவியாவது வேறு. பானையைக் குளிர வைப்பது இரண்டாவது. கடலோரத்து ஊரில் பானை எப்போது உதவும், எப்போது உதவாது என்பதே எங்கள் ஆய்வின் முடிவாக இருந்திருக்க வேண்டும். பதினோரு வாரம் அளந்ததில் புதிதாகச் சொல்ல இருந்தது அந்த ஒன்பது நாட்களில்தான் இருந்தது. ஆகஸ்டு எண்கள் புத்தகத்தில் ஏற்கெனவே உள்ளதைத்தான் சொல்லின. புதியதைப் பிழை என்று கழித்தவள் நான்.

பிறகு ஒருநாள், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள பிளாக்காட்டன் என்ற சிற்றூர்ப் பள்ளியைப் பற்றிப் படித்தேன். எட்டு முதல் பத்து வயது வரையுள்ள 25 குழந்தைகள், நரம்பியல் அறிஞர் போ லாட்டோவின் துணையோடு, வண்டுத்தேனீக்கள் எந்தப் பூவை நாடுவது என்பதை நிறத்தையும் அது இருக்கும் இடத்தையும் கொண்டு எப்படிக் கற்கின்றன என்று ஆராய்ந்தார்கள். ராயல் சொசைட்டியின் 'பயாலஜி லெட்டர்ஸ்' ஆய்விதழ் 2010 டிசம்பரில் அதை வெளியிட்டது. கட்டுரை பிள்ளைகளின் பேச்சிலேயே, கதை சொல்வதுபோல் போகிறது. படங்கள் கலர் பென்சிலில் வரைந்தவை. முன்னோர் ஆய்வுகளின் மேற்கோள் பட்டியல் கிடையாது. அப்படியானால் அறிவியல் உலகில் அந்த ஆய்வின் இடம் என்ன என்று யார் சொல்வது? இரண்டு அறிஞர்கள் அதைத் தனிக் குறிப்பாக எழுதினார்கள். அது கட்டுரையோடு சேர்ந்து வெளிவந்தது.

படித்ததும் சுருக்கென்றது. பெரியவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதைப் பக்கத்தில் எழுதலாம். பிள்ளை எழுதியதன் மேல் எழுதக் கூடாது. நான் மேலேதான் எழுதியிருந்தேன்.

மறு ஆண்டும் கருப்பொருள் ஆற்றல்தான். எட்டாம் வகுப்புக்கு வந்திருந்த அதே ஐவரையும் கூப்பிட்டு, "போன வருஷம் நான் கெடுத்தேன். இந்த வருஷம் உங்க நோட்டு மேடைக்கு வரும், நான் வர மாட்டேன்" என்றேன். சிரித்தார்கள். சிவப்புப் பேனாவைப் பையிலேயே வைத்துவிட்டு, கேள்வி மட்டும் கேட்கப் பழகினேன். 'ஏன் இந்த எண் எகிறுது?', 'ரெண்டாவது தடவை அளந்தீங்களா?', 'இதை நம்பாத ஒருத்தர் என்ன கேப்பார்?' சும்மா இருப்பது கற்பிப்பதைவிடக் கடினம் என்று அப்போது தெரிந்தது.

மேடைக்கு முந்தைய ஒத்திகையை வகுப்பறையில் வைக்காமல் குயவர் வீட்டுத் திண்ணையில் வைத்தோம். அவர் முதலில், "எம் பானையக் குறை சொல்ல வந்தீங்களா?" என்று முறைத்தார். மழை நாள் எண்களைப் பிள்ளைகள் படித்துக் காட்டியதும் மண் பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மணல் கூடச் சேர்த்தால் பானை நன்றாகக் கசியும் என்றார். போரு தண்ணீரின் உப்பு நாளாவட்டத்தில் துளைகளை அடைத்துவிடும்; அதனால்தான் பழைய பானை சரியாகக் குளிராது என்றார். பிள்ளைகளுக்கு அடுத்த ஆய்வு அங்கேயே கிடைத்தது: புதுப் பானைக்கும் இரண்டு வருஷப் பானைக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்? ஆய்வை ஊரார் முன் வைப்பது கைத்தட்டலுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நமக்குத் தெரியாததை ஊர் திருப்பிக் கொடுக்கும் என்பதை அந்தத் திண்ணையில் கற்றேன்.

அந்த ஆண்டும் மாநில மாநாட்டுக்குத் தேர்வாகவில்லை. ஆனால் கேள்விகள் வந்தபோது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கேள்விக்குத் தலைவி, "அதை நாங்க அளக்கல சார்" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அறிக்கையின் கடைசியில் ஒரு பக்கம் மட்டும் எனக்கு. 'டீச்சர் எழுதியது' என்று தலைப்புப் போட்டு, காற்றின் ஈரப்பதம் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தலைவி பென்சிலால் ஒரு இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு 26 இல்ல டீச்சர், 26½."