சாயங்கால வியாதி

பெயர் இல்லாத வியாதியைப் போலப் பொல்லாதது வேறில்லை. காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வரும். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியும் கையுமாக நாலு பேர் வந்து நிற்பார்கள். "என்னவென்றே தெரியவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "எல்லாம் மனசுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

என் சித்தி மகள் இந்தத் தீர்ப்பை மூன்று வருஷம் கேட்டவள். அரியலூருக்கு மேற்கே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. முதலில் அவளுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. மாலையில் பெரம்பலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பாள். "ரெண்டு பஸ் வருதுண்ணே, எதுக்குக் கை காட்டறதுன்னு தெரியலை" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். பிறகு கடைசிப் பீரியடில் குரல் மூக்கால் வரத் தொடங்கியது. ராத்திரி நாலு கவளத்துக்கு மேல் தாடை ஓடாது. தண்ணீர் குடித்தால் மூக்கில் ஏறும். தலை வாரத் தூக்கிய கை பாதியில் விழும். விடிந்தால் இதில் ஒன்றும் இராது. காலைப் பிரார்த்தனையில் அவள் குரல்தான் எடுப்பாகக் கேட்கும்.

அதுதான் வினையாகப் போயிற்று. "இஸ்கூல்ல பாட்டுப் பாடறா. வீட்டுக்கு வந்தா வாயைத் திறக்கறதில்லை. அடுப்பைப் பார்த்தாத்தான் கை விழுது தம்பி" என்றாள் அவள் மாமியார். கதைகளில் மாமியார்களை நிறையத் திட்டியிருக்கிறேன். இந்த அம்மாளைத் திட்ட மனம் வரவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னாள். புருஷன் எதுவும் பேசாதவன். ஆனால் ஒரு நாள், மனைவியைக் கொஞ்ச காலம் பிறந்த வீட்டில் விட்டுவைக்கலாமா என்று சித்தியிடம் கேட்டான். 'கொஞ்ச காலம்' என்றால் எவ்வளவு என்று சித்தி கேட்கவில்லை.

மூக்குக் கண்ணாடி மூன்று முறை மாறிற்று. ரத்தம் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அம்மனாவது தன்னைப் பார்க்க வேண்டிய நாளைச் சொல்லிவிடுகிறாள்! ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிச் சீட்டுக் காலையில் கொடுப்பார்கள். இவள் வியாதியோ சாயங்காலம்தான் வெளியே வரும். டாக்டரும் வியாதியும் சந்திக்கவே இல்லை.

கடைசியில் திருச்சியில் ஒரு நரம்பியல் டாக்டர். பெரம்பலூரில் ரயில் கிடையாது, பஸ்தான். போய்ச் சேர்ந்து, முறை வரும்போது ராத்திரி எட்டு மணி. அந்தத் தாமதம்தான் அவளுக்கு நல்ல காலம். "மேலே ஃபேனையே பாருங்கம்மா, கண்ணை இறக்காதீங்க" என்றார் அவர். ஒரு நிமிஷம் ஆகவில்லை, இடது இமை திரைச்சீலை போலச் சரிந்தது. கையுறையில் ஐஸ்கட்டியைப் போட்டு இமையின் மேல் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்தால், இமை எழுந்து நிற்கிறது! "இது மனசு இல்லைம்மா" என்றார். அவள் அழுதாள். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அழுது பார்த்தேன்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர். நரம்பு தசைக்கு உத்தரவு அனுப்புகிறது. உத்தரவை வாங்கும் இடத்தை உடம்பின் காவல் படையே பகை என்று எண்ணி அழிக்கிறது. ஓய்வுக்குப் பின் கொஞ்ச நேரம் சமாளிக்கும். வேலை செய்யச் செய்யச் சோர்ந்துவிடும். ஸ்கேனில் இது தெரியாது.

எனக்கு வியப்பாக இருந்தது வேறு. பருத்திக் காட்டில் ஒருத்தியை நல்லபாம்பு தீண்டினால் முதலில் இமைதான் சரியும். எங்கள் பக்கத்தில் அதை அறியாத டாக்டர் இல்லை. நல்லபாம்பின் விஷம் போய் அடைப்பதும் அதே இடத்தைத்தான். விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மினும் போடுவார்கள். அதன் உறவுக்கார மருந்துதான் இந்த வியாதிக்கும். 1934ல் இங்கிலாந்தில் கிரீன்விச் ஆஸ்பத்திரியில் மேரி வாக்கர் என்ற டாக்டர், அம்பு விஷமான க்யூராரேக்கும் இந்த வியாதிக்கும் உள்ள ஒற்றுமையை எண்ணி, அந்த விஷத்துக்கு மாற்றான மருந்தைப் போட்டார், இமை எழுந்தது. 1973ல் அமெரிக்காவில் நோயாளிகளின் தசையில் அந்த இடங்கள் குறைந்திருப்பதை எண்ணிக் காட்டியதும் கட்டுவிரியன் வகைப் பாம்பு ஒன்றின் விஷத்தைக் கொண்டுதான். இவளையும் ஒரு பாம்பு கடித்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள்.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவள் அலைந்தது அதற்கு முந்தி.

அமிதாப் பச்சனுக்கு 1984ல் கண்டுபிடித்ததும் இதே வியாதிதான் என்று மாமியாரிடம் சொன்னேன். "அவ்வளவு உசரமா இருக்கறவருக்குமா?" என்றாள். டாக்டர் சொன்னதைவிட அது அவளிடம் நன்றாக வேலை செய்தது.

இப்போது எட்டு, பன்னிரண்டு, நாலு மணிக்கு மாத்திரை. பகல் மாத்திரை போட்டு அரை மணி கழித்துத்தான் சாப்பாடு. அப்போதுதான் தாடை ஓடும். சில ஆன்டிபயாடிக்குகள் இவளுக்கு ஆகாது, மூச்சுக்கே ஆபத்து. அந்தப் பட்டியல் மாமியாரின் ரேஷன் கார்டோடு இருக்கிறது. உள்ளூர் மருந்துக் கடையில் சொல்லிவைத்தால்தான் மாத்திரை வரும். போன மாதம் இரண்டு நாள் தாமதமாயிற்று. மாத்திரையின் பெயர் அந்த அம்மாளின் வாயில் நுழையாது. காலி அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு திருச்சி பஸ் ஏறிவிட்டாள்.