ஆக்ஸ்போர்டில் ஓர் ஆழ்வார்

ஆக்ஸ்போர்டு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கறுப்பு அங்கி, தலையணை போன்ற புத்தகங்கள், பரீட்சை! இவை எதுவுமின்றி யார் வேண்டுமானாலும் நுழைந்து பாடம் கற்றுக்கொள்ளும் இடம் ஒன்றும் அங்கே இருக்கிறது. பியூமான்ட் தெருவிலுள்ள ஆஷ்மோலியன் பொருட்காட்சி சாலைதான் அது. சர்வகலாசாலையின் சொத்து, ஆனால் பட்டமும் வேண்டாம், பிரவேசக் கட்டணமும் வேண்டாம்.

இலயாஸ் ஆஷ்மோல் என்ற கனவான் அளித்த பொருள்களைக் கொண்டு, வேறொரு தெருவில் 1683-ல் இது ஆரம்பமாயிற்று. அவற்றில் பெரும்பகுதியை அரும்பாடுபட்டுச் சேர்த்தவர்கள் யார் தெரியுமா? டிரடெஸ்கன்ட் என்ற தோட்டக்காரரும் அவர் மகனும்!

அந்தக் காலத்தில் கட்டணம் உண்டு. 1710-ல் இங்கே வந்த உஃபென்பாக் என்ற ஜெர்மானிய அறிஞருக்கு ஒரே எரிச்சல். சந்தை நாளாம், பட்டிக்காட்டு ஜனங்கள் கூடிவிட்டார்களாம். ஆறு பென்னி கொடுத்தால் பெண்களைக்கூட உள்ளே விடுகிறார்களே என்று அங்கலாய்த்து எழுதி வைத்தார்! அவர் குறையாகச் சொன்னதுதான் இந்தச் சாலையின் பெருமை என்று நமக்குத் தோன்றுகிறது அல்லவா?

ராபேல், மைக்கலாஞ்சலோ வரைந்த சித்திரங்களும், பார்லிமென்டை வெடிவைத்துத் தகர்க்க முயன்ற கூட்டத்தைச் சேர்ந்த கை பாக்ஸின் லாந்தரும் இங்கே உண்டு. நம்மவர் ஒருவரும் இங்கே வந்து சேர்ந்தார். கத்தியும் கேடயமும் ஏந்திய திருமங்கை ஆழ்வார். பதினாறாம் நூற்றாண்டு வெண்கல விக்கிரகம். பொருட்காட்சி சாலை இதை 1967-ல் லண்டன் ஏலத்தில் வாங்கியது.

2019-ல் ஓர் ஆராய்ச்சியாளர் பழைய போட்டோ ஒன்றைக் கண்டெடுத்தார். அது 1957-ல் எடுத்தது. கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவில் கிராமத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இதே ஆழ்வார்! வழிப்பறி செய்து, பிறகு பக்தரானவர் என்று கதை சொல்லப்படும் ஆழ்வாரையே யாரோ வழிப்பறி செய்துவிட்டார்கள் போலும்!

பொருட்காட்சி சாலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? விஷயத்தை மூடி மறைக்கவில்லை. இந்திய ஹைகமிஷனுக்குத் தாங்களே தகவல் தெரிவித்தார்கள். இந்தியா கேட்டது. 2024 மார்ச்சில், விக்கிரகத்தைத் திருப்பித் தரலாம் என்று சர்வகலாசாலை மன்றம் சம்மதித்தது.

அழகான பொருளைக் காட்டி, "இது இன்ன காலத்தது" என்று சீட்டு ஒட்டினால் மட்டும் போதாது. "இது யாருடையது, எப்படி வந்தது?" என்ற கேள்விக்கும் பதில் சொன்னால்தான் ஜனங்களுக்கான கல்வி பூர்த்தியாகும். அடுத்த முறை எந்தப் பொருட்காட்சி சாலைக்குப் போனாலும், குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். அந்தக் கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள்!