ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆண்டு

காரிமங்கலம் பக்கத்தில் பொங்கல் வந்தால் இரண்டு காரியத்துக்கு ஊர் கூடும். ஒன்று எருது விடுவது, இன்னொன்று கபடி. அறுவடை முடிந்த நிலத்தில் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்துவோம். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு, நாலு மூலையிலும் கம்பம் நட்டு ஃபோகஸ் விளக்குக் கட்டினால் மைதானம் தயார். மைக் செட்டில் விடிய விடிய ஆட்ட வர்ணனை ஓடும். தர்மபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டினம் என்று சுற்றுவட்டாரத்து அணிகள் டெம்போவில் வந்து இறங்கும். அந்த மண்ணில் இடது கார்னரில் நின்று வளர்ந்தவன் நான். முழங்கால் போன பிறகு கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டுப் புள்ளி எழுதினேன். தமிழ் தலைவாஸ் அணி தோற்கும்போது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். அந்த மண்ணைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியபோது எட்டு அணிகள் இருந்தன. தமிழ்நாட்டுக்கு அணி இல்லை. ஆனாலும் எங்கள் ஆட்களைத் தேடித் தேடிப் பார்த்தோம். முதல் கோப்பையை ஜெய்ப்பூர் வென்றது. அந்த அணியின் பயிற்சியாளர் தமிழ்நாட்டைச் சேர்ந்த காசிநாதன் பாஸ்கரன். 2016-ல் பாட்னா இரண்டாவது முறை வென்றபோது அதன் கேப்டன் தஞ்சாவூர்ப் பக்கம் திருச்சனம்பூண்டியில் பிறந்த தர்மராஜ் சேரலாதன். கோப்பை பாட்னாவுக்குப் போனது, தூக்கிய கை எங்கள் மாநிலத்துக் கை. நம் பெயரில் ஓர் அணி வந்தால் என்ன ஆகும் என்று அப்போது டீக்கடையில் பேசாத நாள் இல்லை.

2017-ல் தமிழ் தலைவாஸ் என்ற பெயரில் வந்தது. அந்த ஆண்டு லீக் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. நம் அணியின் உரிமையாளர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர், விளம்பரத் தூதர் கமல் ஹாசன், கேப்டன் இமாச்சலத்து அஜய் தாக்கூர். பயிற்சியாளராக நம் பாஸ்கரனே வந்தார். ஜூலை 28 அன்று ஹைதராபாத்தில் முதல் ஆட்டம். தெலுங்கு டைட்டன்ஸிடம் 27-32 என்று தோற்றோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. புது அணிதானே, அடுத்த ஆட்டத்தில் பார்க்கலாம் என்று எழுந்து போனார்கள்.

தோல்வியைவிட அந்த ஆண்டு எங்கள் ஊரில் நடந்த மாற்றம்தான் என் மனதில் நிற்கிறது. வெறுங்காலில் ஆடிய பையன்கள் மேட் ஷூ கேட்டார்கள். முப்பது வினாடிக்குள் ரெய்டை முடிக்க வேண்டும், போனஸ் கோட்டைத் தாண்டினால் ஒரு புள்ளி, தொடர்ந்து மூன்றாவது ரெய்டும் வெறுமையாக முடிந்தால் அவுட் என்று தொலைக்காட்சியைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். மூச்சைப் பிடித்துப் பாடியபடி எதிர்க்களத்தில் வெகுநேரம் நிற்பதையே வீரமாக நினைத்த எங்கள் காலத்து ஆட்டம் ஒரே மழைக்காலத்தில் பழசாகிவிட்டது. “கபடி சோறு போடுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பாக்கள் மாலையில் மைதானத்து ஓரம் வந்து நின்றார்கள். ஒருவர் தன் மகனை ஓசூர் கம்பெனி வேலைக்கு அனுப்புவதை ஒரு வருடம் தள்ளிப்போட்டார். “நம்ம ஸ்டேட்டுக்கே டீம் வந்துடுச்சு, ஒரு வருஷம் பாக்கலாம்ணா” என்று என்னிடம் சொன்னார்.

அந்த முதல் ஆண்டு தலைவாஸ் தன் மண்டலத்தில் கடைசி இடம். 2018-ல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடரின் முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியன் பாட்னாவை 42-26 என்று அடித்தார்கள். அன்று இரவு இங்கே பட்டாசு வெடித்தது. பிறகு வரிசையாகத் தோல்வி. அந்த ஆண்டும் மண்டலத்தில் கடைசி. அஜய் தாக்கூர் ஒற்றை ஆளாக ரெய்டுக்குப் போய்ப் போய்ப் புள்ளி எடுத்து வந்தார். அவர் பெஞ்சுக்குப் போனதும் மொத்த அணியும் உட்கார்ந்துவிட்டது போல இருக்கும்.

2019-ல் நிர்வாகம் கண்ட தீர்வு, பெரிய பெயர்களைச் சேர்ப்பது. ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர், ராகுல் மூவரும் ஒரே சட்டையில். தாளில் பார்த்தால் இந்திய அணி மாதிரி இருந்தது. ஆனால் கபடியில் ஏழு பேரும் ஒரு சங்கிலி. கார்னர் எப்போது காலைப் பிடிப்பான் என்று கவரில் நிற்பவனுக்குக் கண் பார்க்காமலே தெரிய வேண்டும். அது ஒன்றாகச் சேர்ந்து ஆடி, விழுந்து, சண்டை போட்டு வருவது. ஏலத்தில் அது கிடைக்காது. 22 ஆட்டங்களில் 4 மட்டும் வென்று பன்னிரண்டாவது இடத்தில் முடித்தோம். தொடரின் நடுவிலேயே பயிற்சியாளர் விலகினார்.

அந்த ஆண்டுதான் எங்கள் பையன்களில் நன்றாக ஆடிய ஒருவன் வெளியூரில் நடந்த ஒரு தேர்வு முகாமுக்குப் போனான். பேர், எடை, உயரம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அழைப்பு வரும் என்றார்கள். வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. அதற்குள் கொரோனா வந்தது. 2020-ல் லீக்கே நடக்கவில்லை. 2021 டிசம்பரில் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு ஓட்டலுக்குள் பார்வையாளர் இல்லாமல் நடத்தினார்கள். வெறும் சுவருக்கு நடுவே ஆடிய அந்தத் தொடரில் நமக்குப் பதினோராவது இடம். இங்கே ஊரடங்கு முடிந்தபோது நாங்கள் ஆடிய நிலத்தில் மனைக்கல் நட்டிருந்தது. நெடுஞ்சாலையோரத்து நிலம் விலை ஏறிய காலம் அது. பையன்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள். முகாமுக்குப் போனவன் இன்று பெங்களூரில் டெலிவரி வண்டி ஓட்டுகிறான்.

2022-ல் தலைவாஸ் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து வாங்கியது. அதுவரை லீக்கில் யாருக்கும் கிடைக்காத விலை. அக்டோபர் 8, பெங்களூரு கண்டீரவா அரங்கில் குஜராத்துடன் முதல் ஆட்டம். எங்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். நேராகப் பஸ் ஏறிப் போனோம். பெங்களூரில் வேலை பார்க்கும் ஊர்ப் பையன்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். குஜராத்தின் கேப்டன் யார் தெரியுமா? தமிழ்நாட்டு ரெய்டர் சந்திரன் ரஞ்சித். நம் ஆள் அந்தப் பக்கம், விலைக்கு வாங்கியவர் நம் பக்கம். ஆட்டத்தின் முதல் பாதியிலேயே தடுப்பில் இறங்கிய பவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனபோது அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. என் முழங்காலும் அப்படித்தான் போனது என்பதால் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தத் தொடரில் அவர் திரும்ப ஆடவே இல்லை. ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. திரும்பும் பஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நிர்வாகத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். புதிய இளம் வீரர்கள் என்று ஒரு பிரிவு லீக்கில் உண்டு. ஏலத்துக்குப் போகாமலே அணிகள் வளரும் பையன்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வழியில் வந்த நரேந்தர் ஹோஷியார் என்ற பையன் பவன் இல்லாத இடத்தில் நின்று 243 ரெய்டு புள்ளி எடுத்தான். சாகர், சாஹில் குலியா, மோஹித், அபிஷேக் என்ற சின்ன வயதுத் தடுப்பாளர்கள் ஒருவரை ஒருவர் நம்பி ஆடினார்கள். தொடரின் நடுவே பொறுப்பேற்ற அஷன் குமார் அவர்களைத் தட்டிக்கொடுத்து வளர்த்தார். தலைவாஸ் முதன்முறையாக பிளே-ஆஃபுக்குப் போனது. உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமன், டை-பிரேக்கரில் வென்றோம். அரையிறுதியில் புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றோம். அன்று இங்கே யாரும் கோபப்படவில்லை. இந்தப் பையன்கள் அடுத்த ஆண்டு கோப்பையைக் கொண்டு வருவார்கள் என்று பெரியவர்கள்கூடச் சொன்னார்கள்.

நம்மை வென்ற புனே அணி தன் இளம் கூட்டத்தைக் கலைக்காமல் வளர்த்தது. அடுத்த தொடரிலேயே, 2024 மார்ச் 1 அன்று, ஹரியானாவை வென்று சாம்பியன் ஆனது. நாம் ஒன்பதாவது இடம். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்தத் தொடரில் நம் நிர்வாகமும் பயிற்சியாளரையும் முக்கியமான பையன்களையும் வைத்துக்கொண்டுதான் ஆடியது. என் வருத்தம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு சறுக்கலில் பொறுமை போய்விட்டது. பயிற்சியாளர் மாறினார். 2024-ல் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு வாங்கினார்கள். ஒன்றுக்கு இரண்டாக, உதயகுமாரும் சேரலாதனும் பயிற்சியாளர்கள். மறுபடியும் ஒன்பது. 2025-ல் பயிற்சியாளர் சஞ்சீவ் பாலியான், ரெய்டர் அர்ஜுன் தேஷ்வால், திரும்பி வந்த பவன் செராவத். சில ஆட்டங்கள்கூட முடியவில்லை, ஒழுங்கு நடவடிக்கை என்று பவனை அணியிலிருந்து அனுப்பினார்கள். அவர் அதை மறுத்தார். யார் சொல்வது சரி என்பது எனக்குத் தெரிய வாய்ப்பில்லை. கேப்டனும் நிர்வாகமும் தொடரின் நடுவில் பிரிகிற அளவுக்கு ஒரு வீட்டுக்குள் பேச்சு அற்றுப்போயிருந்தது என்பது மட்டும் தெரிகிறது. முதல் எட்டு அணிகளுக்குள் நாம் வரவில்லை.

பக்கத்துப் பெங்களூரு அணியைப் பாருங்கள். ரந்தீர் சிங் செராவத் அங்கே 2014 முதல் பத்துத் தொடர்களுக்கு மேல் பயிற்சியாளராக இருந்தார். கோப்பை வர ஆறாவது தொடர்வரை காத்திருந்தார்கள். அந்தக் கோப்பையைப் பெற்றுத் தந்த பவன் அவர் கையில் வளர்ந்தவர். நாமோ வளர்ந்து முடிந்த பவனை இரண்டு முறை வாங்கி, இரண்டு முறையும் பாதியில் இழந்தோம்.

தோற்பதை எங்கள் ஊர்க்காரர்கள் தாங்குவார்கள். மழையை நம்பி மானாவாரியில் விதைப்பவர்களுக்குத் தோல்வி புதிதில்லை. தாங்க முடியாதது, ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆண்டாகவே இருப்பது. புதுப் பயிற்சியாளர், புதுக் கேப்டன், புதுச் சட்டை, புதுப் பாட்டு. போன ஆண்டு ஏன் தோற்றோம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

2025 அக்டோபரில் மூன்று காரியங்கள் ஒன்றாக நடந்தன. தலைவாஸ் வெளியேறிக்கொண்டிருந்த அதே நாட்களில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணிகள் தங்கம் வென்றன. பெண்கள் அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ். அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ படம் அப்போதுதான் திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர் கணேசன். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து அன்று ஒருவர் போனார். இன்று குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பிலிருந்து ஒரு பெண் போகிறாள். இந்த மாநிலத்தில் ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. அந்த உண்மையைப் பஹ்ரைன் வரை போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ் தலைவாஸ் நிர்வாகத்துக்குப் பழைய கார்னர் ஆட்டக்காரனாக நான்கு விண்ணப்பம். ஒரு பயிற்சியாளரை மூன்று தொடருக்காவது விட்டுவையுங்கள். இளம் வீரர் பிரிவின் இடங்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு வையுங்கள். பொங்கல் மாதத்தில் உங்கள் ஆட்களை தர்மபுரிக்கும் தஞ்சைக்கும் தூத்துக்குடிக்கும் அனுப்புங்கள். முகாமுக்கு வருகிற பையனுக்கு, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஒரு பதில் சொல்லுங்கள். தலைவாஸ் என்ற பெயருக்கு உள்ள மதிப்பு ஏலத்தில் வாங்கியது இல்லை. அது இந்த மக்கள் கொடுத்தது. அடுத்த பொங்கலுக்கு வாருங்கள். மனைக்கல் நடாத நிலம் இங்கே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது; அதில் பையன்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.