கட்மத் தீவில் கடலுக்கடியில்...

வரைபடத்தில் கொச்சிக்கு மேற்கே பாருங்கள். அரபிக் கடலில் மிளகைத் தூவினாற்போல் சில புள்ளிகள் தெரியும். அவைதான் லட்சத்தீவுகள். மக்கள் குடியிருக்கும் தீவுகளில் ஒன்று கட்மத். நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் மிகுந்த இடத்தில்கூட அரை கிலோமீட்டரை ஒட்டித்தான்! மலை இல்லை, ஆறு இல்லை. தென்னையும் வெள்ளை மணலும்தான். முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கொச்சியில் கப்பல் ஏறலாம்.

மேற்குப் பக்கம், பவளப்பாறை வளைத்துக் காக்கும் காயல். அங்கேதான் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு மூழ்கப் பழக்குகிறார்கள். உருளையில் இருப்பது பிராண வாயு என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

"சேச்சி, மூச்சை மட்டும் அடக்காதீங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் பயிற்சியாளர். காரணம் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த காற்று, மேலே வர வர விரியும். மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிந்துவிடும்! இறங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் 'பட்'டென்று திறக்கும். ஜலதோஷம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. ஆஸ்துமா, இருதயக் கோளாறு, வலிப்பு, காது ஆபரேஷன் என்று எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். மூழ்கிய பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. கப்பலில் திரும்புகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

உள்ளே போனால்... அடேயப்பா! என்ன நிசப்தம்! நம் மூச்சுச் சத்தமும், 'கறுக் கறுக்' என்று ஒரு சத்தமும்தான். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கின்றனவாம். அவை அரைத்துக் கழிப்பதுதான் கரையில் நாம் மிதிக்கும் வெள்ளை மணலில் ஒரு பங்கு! சிவப்பு நிறம் மட்டும் ஆழத்தில் மங்கிப் பழுப்பாகிவிடுகிறது. குங்குமப் பொட்டுகூடக் கறுப்பாகத்தான் தெரியும்.

பவளம் என்றதும் நமக்கு மோதிரம்தான் ஞாபகம் வரும். இது அந்தப் பவளமல்ல. கடுகளவு உயிர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து கட்டிய வீடு. அவற்றின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து சாப்பாடு போடுகிறது. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்து, பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 என்று மூன்று முறை லட்சத்தீவில் இப்படி ஆயிற்று. 2024-லும் வெளுத்தது. கண்ணுக்குத் தெரிந்தே சில கிளைகள் எலும்பு போல நின்றன. கடல் மட்டத்திலிருந்து இரண்டு, மூன்று மீட்டரே உயர்ந்த தீவு இது. பாறை போனால் அலையைத் தடுப்பது யார்? பக்கத்திலேயே ஒரு செத்த கிளையில், கட்டை விரலளவு புதுப் பவளம் துளிர்த்திருந்ததைப் பயிற்சியாளர் விரல் நீட்டிக் காட்டினார். தொடவில்லை.

ஷோகேஸில் வைக்கலாமே என்று கரையில் கிடக்கும் துண்டைப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். செத்த பவளமானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.