பால் கணக்கு

ஃப்ரெண்ட்ஸ், பக்கத்துல இருக்கிறவங்க கையைக் கொஞ்சம் பிடிங்க. மணிக்கட்டுல, கட்டைவிரல் பக்கமா உங்க நடு மூணு விரலை வைங்க. உங்க கட்டைவிரலை வைக்காதீங்க, அதுல உங்க நாடியே துடிச்சுக் குழப்பிடும். நாடி சீரா இருந்தா அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கலாம். தப்பித் தப்பித் துடிச்சா முழு ஒரு நிமிஷம் எண்ணியே ஆகணும்.

இதெல்லாம் எங்க அம்மாயி சொல்லிக் கொடுத்தது.

அம்மாயி கிராமத்து நர்ஸ். 2003-ல் ரிட்டையர் ஆகிற வரைக்கும் உடுமலைப்பேட்டையைச் சுத்தியேதான் வேலை. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வெச்சு ஊசி போட்ட காலத்து ஆளு. 1995-ல் நாடு முழுக்க போலியோ சொட்டு மருந்து முகாம் ஆரம்பிச்சப்ப, ஐஸ் வெச்ச மருந்துப் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு தளி பக்கம் தோப்புத் தோப்பா நடந்தவங்க. 2014 மார்ச் 27-ல் இந்தியாவுல போலியோ ஒழிஞ்சாச்சுன்னு சான்றிதழ் கிடைச்ச செய்தி டி.வி.யில ஓடுச்சு. "தோள் வலி எனக்கு, சான்றிதழ் அவங்களுக்கா?"ன்னு சிரிச்சாங்க.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனாக்கூட யாராவது ஒருத்தர் "சிஸ்டரம்மா, நல்லாருக்கீங்ளா?"ன்னு நிறுத்திடுவாங்க. அங்கயே நின்னு அவங்க கையைப் பிடிச்சு நாடி பார்ப்பாங்க. எனக்கு மானமே போகும்!

போன வருஷம் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சமையக்கட்டுல ஜவுளிக்கடை காலண்டர். ஒவ்வொரு கட்டத்துலயும் பென்சில்ல ஒரு நம்பர். 84, 96, 112... சிலதுக்குப் பக்கத்துல "வி"ன்னு ஒரு எழுத்து.

"என்னங்க அம்மாயி, பால் கணக்கா?"

"ஆமா கண்ணு, பால் கணக்குத்தான். நீ போய்ப் படி."

நான் செல்லை நோண்டப் போயிட்டேன்.

அடுத்த மாசமே பக்கவாதம். மூணே நாள். "இதயத் துடிப்புல ஏதாவது பிரச்னை இருந்துச்சா?"ன்னு டாக்டர் கேட்டார். எல்லாரும் சேர்ந்து "இல்லைங்க"ன்னு சொன்னோம். துடிப்பு தாறுமாறானா இதயத்துக்குள்ள ரத்தம் தேங்கி உறையலாம், அது மூளைக்குப் போய் அடைக்கலாம், அதைத் தடுக்க மாத்திரை இருக்குன்னு அவர்தான் விளக்கினார். அம்மாயிக்கா இது தெரியாது? எனக்கு செமஸ்டர், அம்மாவுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்காது... இப்படித்தான் ஏதாவது யோசிச்சிருப்பாங்க. ஊரையே அதட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பின மனுஷி! அவங்க மேல எனக்குக் கோவம்கூட இருக்குங்க.

காரியம் எல்லாம் முடிஞ்சு அந்தக் காலண்டரைக் கழட்டினப்பதான் நின்னு பார்த்தேன். "வி"ன்னா விட்டு விட்டுத் துடிக்குதுன்னு அர்த்தம். தினமும் முழு ஒரு நிமிஷம் எண்ணி எழுதியிருக்காங்க.

நான் கேட்டதுக்கு மறுநாள்ல இருந்து ஒவ்வொரு நம்பருக்குக் கீழேயும் இன்னொரு வரி இருந்துச்சு. "பால் அரை லிட்டர்."