ஒன்பது நாளுக்கு ஒரு கோடைகாலப் பயிற்சி



தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் மான் வேட்டைக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், பள்ளி விடுமுறையின்போது, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழும் என் தங்கையின் வீட்டில் சில நாள்கள் தங்கியிருந்தேன். அங்குக் கண்டவையும் கேட்டவையும், பிள்ளைகளுக்குக் கற்பிப்பவள் என்ற முறையில், என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தன. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இப்பதிவு.

விஸ்கான்சினில் பதினைந்து இலட்சத்துக்கும் அதிகமான வெள்ளைவால் மான்கள் வாழ்கின்றன. அஞ்சி ஓடும்போது இம்மான் வாலை உயர்த்தும். அப்போது வாலின் வெண்ணிற அடிப்புறம் தொலைவிலிருந்தே தெரியும். அதனால்தான் இப்பெயர். மான்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் பயிர்களும் காட்டின் இளமரக் கன்றுகளும் அழிகின்றன. சாலை விபத்துகளும் கூடுகின்றன. ஆகவே மாநில அரசே உரிமம் வழங்கி வேட்டையை முறைப்படுத்துகிறது. துப்பாக்கி வேட்டைக்குரிய முதன்மைப் பருவம் நவம்பர் இறுதியில் ஒன்பது நாள்கள் மட்டுமே. அவ்வொன்பது நாள்களுக்கான ஆயத்தமோ கோடையிலேயே தொடங்கிவிடுகிறது.

தங்கையின் அண்டை வீட்டார் அறுபது வயதைக் கடந்த ஒரு விவசாயி. பன்னிரண்டு வயதுப் பேத்தியை அவ்வாண்டு முதன்முறையாக வேட்டைக்கு அழைத்துச் செல்ல அவர் எண்ணியிருந்தார். ஒருநாள் காலை, தீவனப்புல் அறுத்துக்கொண்டிருந்தவர் திடீரென டிராக்டரை நிறுத்தினார். உயர்ந்த புல்லுக்குள் உடலெங்கும் வெண்புள்ளிகளோடு மான்குட்டி ஒன்று அசையாமல் படுத்திருந்தது. அங்கு மான்கள் குட்டி ஈனும் காலம் அதுதான். தாய் மேயச் செல்லும்போது குட்டியை இவ்வாறு மறைவில் விட்டுச் செல்லும். பிறந்து சில நாள்களே ஆன குட்டி, ஆபத்து நெருங்கினாலும் ஓடாது. அவர் அந்த இடத்தைச் சுற்றி அகலமாக விட்டுவிட்டு மற்ற பகுதியை மட்டும் அறுத்தார். நவம்பரில் சுடப்போகும் மானை இப்போது ஏன் காக்கிறீர்கள் என்று கேட்டேன். "இந்தப் புல்லை அடுத்த வாரங்கூட அறுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அவ்விடை எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. ஆனால், அருகில் நின்ற பேத்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதைக் கவனித்தேன்.

கோடையில் அவர்களுக்குப் பல வேலைகள் உள்ளன. மரத்தில் கட்டப்பட்ட பரணின் வார்கள் பனியிலும் வெயிலிலும் நைந்திருக்கும், அணில்களும் கடித்திருக்கும். அவற்றை மாற்ற வேண்டும். பரணிலிருந்து தவறி விழுந்து காயமடையும் வேட்டைக்காரர்கள் அங்கு மிகப் பலர். ஆகவே உடலைச் சுற்றிப் பாதுகாப்பு வார் அணிந்துதான் ஏற வேண்டும். துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறக்கூடாது; குண்டுகளை நீக்கிய பிறகு, கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். மான்கள் நடமாடும் தடங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்துகிறார்கள். ஆண்மான்களின் கொம்புகள் கோடையில் மெல்லிய உரோமத் தோலுக்குள் வளர்கின்றன. செப்டம்பரில்தான் அத்தோல் உரிகிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் கண்ணில் படும் பெண்மான்களையும் குட்டிகளையும் எண்ணி அனுப்புமாறு மாநில இயற்கைவளத் துறை பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறது. மான்களின் மூளையைச் சிதைத்துக் கொல்லும் நோயொன்று 2002-ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் கண்டறியப்பட்டது. அதனால், பல வட்டாரங்களில் மான்களுக்கு இரை வைப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளது.

இவை அனைத்தையும்விட என்னை ஈர்த்தது பேத்தி சென்ற வேட்டைப் பாதுகாப்பு வகுப்புதான். அனுமதி பெற்று நானும் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். 1967-ஆம் ஆண்டு அம்மாநிலத்தில் தொடங்கப்பட்ட பயிற்சி இது. 1973 ஜனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள், வழிகாட்டியின் துணையோடு செல்லும் சில நிலைகள் நீங்கலாக, இச்சான்றிதழ் இன்றி வேட்டை உரிமம் பெற இயலாது. கற்பிப்போர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அங்கு நான்கு விதிகளை மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருது. குழலை எப்போதும் பாதுகாப்பான திசையில் வை. இலக்கையும் இலக்குக்கு அப்பால் உள்ளதையும் உறுதிசெய். சுடும் வரை விசைக்கு வெளியே விரலை வை.

அதன்பின் ஆசிரியர் படங்களைக் காட்டி, "சுடலாமா, கூடாதா?" என்று கேட்டார். மான் பக்கவாட்டில் தெளிவாக நிற்கும் படம் ஒன்று. மான் புதருக்குள் பாதி மறைந்திருக்கும் படம் ஒன்று. மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் படம் ஒன்று. மூன்றாம் படத்துக்குப் பல பிள்ளைகள் "சுடலாம்" என்றனர். "மேட்டுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டதும் வகுப்பு அமைதியானது. துப்பாக்கியைப் பற்றிய வகுப்பில் பாதி நேரம் சுடாமல் இருப்பதைக் கற்பிக்கவே செலவாயிற்று.

விடுமுறை முடிந்து திரும்பியதும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதைச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "குட்டியைக் காப்பாற்றிவிட்டு, பிறகு தாயைச் சுடுவார்களா, டீச்சர்?" என்று கேட்டாள். நவம்பருக்குள் குட்டி பால்குடி மறந்து தானே மேயத் தொடங்கிவிடும் என்ற உண்மையைச் சொன்னேன். ஆனால், அவள் கேட்டது அதுவன்று என்பது எனக்குப் புரிந்தது. நான் சைவ உணவு உண்பவள். என்னால் ஓர் உயிரைச் சுட இயலாது. இருப்பினும், அவர்கள் செய்வதைப் பாவம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடவும் என்னால் இயலவில்லை. இரண்டையும் ஒளிக்காமல் மாணவர்களிடம் கூறினேன். அன்றைய நன்னெறி வகுப்பு மணியடித்த பிறகும் முடியவில்லை.

அவ்வாண்டு வேட்டைப் பருவம் நவம்பர் 22 முதல் 30 வரை நடந்தது. இரண்டாம் நாள் மாலை தங்கை தொலைபேசியில் அழைத்தாள். தாத்தாவின் அருகே காத்திருந்த சிறுமியின் முன் பெண்மான் ஒன்று வந்து நின்றதாம். ஆனால், அது நின்றது மேட்டின் உச்சியில். அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டாள். மான் போய்விட்டது. மிச்ச நாள்களிலும் அவளுக்கு மான் கிடைக்கவில்லை. அழுதாளாம். தாத்தாவோ அண்டை அயலார் அனைவரிடமும் அந்த மாலையைப் பற்றியே பெருமையாகச் சொல்லித் திரிந்தாராம்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளின் கையில் யாரும் துப்பாக்கி தருவதில்லை. கைப்பேசியைத் தருகிறோம். வாங்கிய அன்றே பயன்படுத்தவும் விட்டுவிடுகிறோம். புலனக் குழுவில் ஒரு தோழியைப் பற்றிய படத்தை அனுப்புமுன், அதற்கு அப்பால் யார் காயப்படுவார் என்று நின்று பார்க்க அவர்களுக்கு யார் கற்பித்தது? ஒரு பள்ளி விடுமுறையையேனும் அதற்காக ஒதுக்குவோமா? விரலை நிறுத்திக்கொண்ட பிள்ளையை, பரிசு பெற்ற பிள்ளையைப் போலவே நால்வரிடம் சொல்லிப் பாராட்டுவோமா?

சிந்திப்போம். உங்கள் கருத்துகளையும் எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.